கொலர் போடுவதற்கு முன்

“கழுத்துக்கு ஒரு பெல்ட் போட்டுவிட்டால் நிமிர்ந்திடும்தானே மிஸ்?”

கொழும்பில் பிசியோதெரபி வேலைக்கு வந்து பதினொரு வருடமாகிறது. கழுத்துச் சரிந்த பிள்ளையோடு வருகிற அம்மாமார் அநேகமாக முதலில் கேட்பது இதைத்தான். ஆரம்பத்தில் நானும் “ஓம்” என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் வருடம் கொட்டாஞ்சேனையிலிருந்து நான்கு வயதுப் பையன் ஒருவனைக் கூட்டி வந்தார்கள். தலை இடது தோள் பக்கம் சரிந்திருந்தது. கழுத்தைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் தடையில்லாமல் திரும்பியது. எந்தத் தசையும் இறுகியிருக்கவில்லை. அந்த இடத்திலேயே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அளவெடுத்து, கழுத்தைச் சுற்றித் தாங்குகிற ஸ்பொஞ்ச் கொலர் ஒன்று போட்டுவிட்டேன். கொலரோடு தலை நேராகத்தான் இருந்தது. ஆனால் படியில் இறங்கும்போது தடுமாறினான், அடிக்கடி ஒரு கண்ணை மூடிக்கொண்டான். குழப்படி என்று அம்மா ஏசினார். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு மாதம் கழித்து, எங்களோடு வேலை செய்த மூத்த அக்கா ஒருவர் கொலரைக் கழற்றி, அவனை மடியில் இருத்தி, வலது கண்ணை உள்ளங்கையால் மூடினார். தலை தானாகவே நிமிர்ந்தது. கையை எடுத்ததும் மறுபடி சரிந்தது. கண்ணை அசைக்கிற தசையொன்றில் பலவீனம். தலையைச் சரித்தால்தான் அவனுக்கு எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது, நேராக வைத்தால் இரண்டிரண்டாகத் தெரிகிறது. பிள்ளை தானே கண்டுபிடித்து வைத்திருந்த வழியை நான் பட்டி போட்டு அடைத்திருக்கிறேன். கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். “அவன் குழப்படி செய்யவில்லை அம்மா, பிழை என்னுடையது” என்று சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. பையனின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு ஏன் சரிகிறது என்று தெரியாமல் நான் கொலரைத் தொட்டதில்லை. தொண்டைநோவும் காய்ச்சலும் வந்து, சில நாளில் திடீரென்று கழுத்துப் பிடித்துக்கொண்டதா? முதலாம், இரண்டாம் கழுத்தெலும்புகள் விலகியிருக்கலாம். அந்தக் கழுத்தை இழுக்கவே கூடாது, உடனே டொக்டரிடம் அனுப்ப வேண்டும். தலையிடி, வாந்தி, நடையில் தள்ளாட்டம் என்றாலும் அப்படித்தான்.

கைக்குழந்தைகளில் நான் கூடுதலாகக் காண்பது வேறு. காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்புக்கு இறங்குகிற தசை ஒரு பக்கம் இறுகியிருக்கும். சிலருக்கு அதில் பாக்களவு கட்டியும் தட்டுப்படும். வலது தசை இறுகினால் தலை வலப்பக்கம் சரியும், நாடி, அதாவது மோவாய், இடப்பக்கம் திரும்பும். முதல் 3 மாதத்துக்குள் கொண்டுவந்தால் பெரும்பாலும் பயிற்சியே போதும்: மெதுவாக நீட்டுவது, விழித்திருக்கும்போது குப்புறப் படுக்க வைப்பது, திரும்ப மறுக்கிற பக்கத்திலிருந்து கிலுக்குவது.

நாலு மாதம் தாண்டி, தலை நின்ற பிறகும் சரிவு போகாத பிள்ளைக்குத்தான் குழாய்க் கொலர். மெல்லிய குழாய், சரிகிற பக்கத்தில் சின்னக் குச்சிகள். தலை சரியும்போது குச்சி தட்டும், பிள்ளை தன் மற்றப் பக்கத்துத் தசையால் தலையைத் தூக்கும். அந்தத் தூக்கல்தான் சிகிச்சை. வெள்ளவத்தை அம்மம்மா ஒருவர், “நித்திரையிலும் கிடக்கட்டும் பிள்ளை, கூட நேரம் இருக்குமே” என்றார். நித்திரையில் தசை வேலை செய்யாது, மூச்சு அடைக்கிற ஆபத்தும் உண்டு என்று சொல்லி, கொலரைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தேன். இங்கத்தைய வெக்கையில் கழுத்து மடிப்பில் வேர்க்குரு போட்டுவிடும். அதனால் அரை மணி நேரத்தில் தொடங்கி, கழற்றும்போதெல்லாம் தோலைப் பார்த்துத்தான் நேரத்தைக் கூட்டுகிறோம்.

தசையின் இறுக்கமே மாறிப்போனவர்களின் கதை வேறு. கழுத்து தானாக முறுக்கிக்கொள்கிற பெரியவர்கள் சிலர் நாடியில் ஒரு விரலை வைத்ததும் தலை நேராகும். கொலர் படுவதும் சிலருக்குக் கொஞ்ச நேரம் அப்படி உதவும். ஆனால் முறுக்கோடு மல்லுக்கட்டுகிற இறுக்கமான கொலர் நோவைத்தான் தரும். அவர்களுக்கு முக்கியமான சிகிச்சை, ஏறக்குறைய 3 மாதத்துக்கு ஒரு தடவை போடுகிற பொட்டுலினம் ஊசி; முறுக்கிற தசையைத் தளர்த்துகிற மருந்து அது.

இப்போது மட்டக்குளியிலிருந்து ஒரு சின்னவள் வருகிறாள். மூளைவாதம், அதாவது சின்ன வயதிலேயே மூளை பாதிக்கப்பட்டதால் தசைகள் சொல்வழி கேளாத நிலை; கழுத்து துவண்டு விழும். சாப்பிடும்போது தலை பின்னால் சாய்ந்தால் புரையேறும் என்பதால் அவளுக்குக் கொலர் வேண்டும். சாப்பிட்டு முடிந்ததும் கழற்றிவிடுவோம், நாள் முழுக்கத் தாங்கிக்கொண்டிருந்தால் உள்ள பலமும் போய்விடும். அப்புறம் அம்மாவின் நெஞ்சில் குப்புறக் கிடப்பாள். எதிரில் அவளுடைய அக்கா நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். தலை தூக்கியதும் எல்லோரும் சேர்ந்து எண்ணுவோம். போன மாதம் ஐந்து. நேற்றுப் பதினான்கு வரை வந்தது, அக்கா பதினைந்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள்.