உண்ணிக்கு எதிராக மாட்டுக்கு ஒரு ஊசி

கால்நடை மருத்துவராக நான் வேலை பார்த்த ஊர்களில் உண்ணிக்காய்ச்சல் வந்தால் முதலில் படுப்பது ஜெர்சி கலப்பின மாடுதான். நாட்டு மாடு ஓரளவு தாங்கிக்கொள்ளும். நோய் வந்த மாடு தீனி எடுக்காது, ஜுரம் ஏறும், அப்புறம் மூத்திரம் காபி நிறத்தில் போகும். உண்ணி கடிக்கும்போது உள்ளே போகும் பபீசியா கிருமி சிவப்பணுக்களை உடைப்பதால் வரும் நிறம் அது. சீக்கிரம் சிகிச்சை ஊசி போட்டால் மாடு பிழைத்துவிடும். ஆனால் உண்ணி அப்படியே இருக்கும்.

உண்ணிக்கு நம்மிடம் இருப்பது தெளிப்பு மருந்துதான். சைபர்மெத்ரின் கேட்காவிட்டால் அமிட்ராஸ், அதுவும் கேட்காவிட்டால் அளவைக் கூட்டி அடிப்பார்கள். மருந்துக்குத் தப்பிய உண்ணிகளின் குஞ்சுகளும் தப்பிக்கின்றன. அடிப்பவர் பெரும்பாலும் கையுறைகூட இல்லாமல், கன்றுக்குட்டி பக்கத்திலேயே நிற்க, அடிக்கிறார். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது.

அதனால்தான் உண்ணித் தடுப்பூசி மேல் எனக்கு இவ்வளவு ஆர்வம். 1990களில் கியூபாவில் காவாக், ஆஸ்திரேலியாவில் டிக்கார்டு என்று இரண்டு ஊசிகள் விற்பனைக்கு வந்தன. இரண்டும் பிஎம்86 என்ற ஒரே புரதத்தை வைத்துச் செய்தவை. அது மாட்டு உண்ணியின் குடலில் இருக்கும் புரதம். ஊசி போட்ட மாட்டின் ரத்தத்தில் அதற்கு எதிரணுக்கள் உருவாகும். உண்ணி அந்த ரத்தத்தைக் குடித்தால் அதன் குடல் செல்களே சிதையும். சில உண்ணிகள் செத்துப்போகும். பிழைத்தவை குறைவாக முட்டையிடும். ஒரு பெண் உண்ணி இரண்டாயிரம், மூவாயிரம் முட்டை போடக்கூடியது என்பதால் இந்தக் குறைவு சின்ன விஷயமில்லை. கியூபாவின் பால்பண்ணைகளில் இந்த ஊசியைத் தெளிப்போடு சேர்த்துப் பயன்படுத்தியதில் மருந்து தெளிக்கும் தேவை பெருமளவு குறைந்தது.

சிக்கலும் அந்தப் புரதத்தில்தான். அது குடலுக்குள் இருப்பதால் உண்ணி எத்தனை முறை கடித்தாலும் மாட்டின் உடல் அதைச் சந்திப்பதில்லை. இயற்கையாக எதிர்ப்பு புதுப்பிக்கப்படாது. திரும்பத் திரும்ப ஊசி போட்டாக வேண்டும். போட்ட மறுநாளே உண்ணி உதிர்ந்துவிடாது. பலன் அடுத்தடுத்த தலைமுறை உண்ணிகளில்தான் தெரியும். எல்லா வகை உண்ணிக்கும், எல்லா நாட்டு உண்ணிக்கும் இது ஒரே மாதிரி வேலை செய்வதும் இல்லை. இங்கே தைலேரியா என்ற இன்னொரு ரத்தக் கிருமியைப் பரப்பும் உண்ணி வேறு வகை. நம் உண்ணிகளுக்கு ஏற்ற ஊசியை நம் ஆய்வகங்களே உருவாக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

இதையெல்லாம் ஒருமுறை பால் சொசைட்டியில் எளிமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு கறவை மாடு வைத்திருக்கும் ஒரு அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், என் மாட்டுக்கு மட்டும் போட்டா எப்படி? ஏரிக்கரையில எல்லார் மாடும்தான மேயுது?" என்றார்.

அவர் கேட்டது சரி. வயிறு நிறைந்த உண்ணி புல்லில் விழுந்து முட்டையிடும். குஞ்சுகள் அடுத்து வரும் மாட்டின் மேல் ஏறும், அது யார் மாடானாலும். கோமாரிக்குப் போடுவதுபோல ஊர் மாடு மொத்தத்துக்கும் ஒரே சமயத்தில் போட வேண்டும், அம்மா, என்றேன். "அப்படின்னா தண்டோரா போட்டுச் சொல்லுங்க, எல்லாரும் ஓட்டிக்கிட்டு வருவோம்" என்றார்.