ரோம் நகரத்துத் தண்ணீர்

நவம்பர் 3, 2023, வெள்ளி

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடிந்ததும் பிள்ளைகள் இந்தப் பயணச்சீட்டுகளைக் கையில் கொடுத்தார்கள். பொதுப்பணித்துறையில் முப்பது ஆண்டுகள் ஏரியும் மதகுமாகக் காலம் கழித்த என் கணவரும், தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற நானும் இன்று பிற்பகல் ரோம் வந்து சேர்ந்தோம். விமான நிலையத்திலிருந்து 32 நிமிட இரயில் பயணம். பிறகு மெட்ரோவில் சான் ஜொவான்னி. தங்கும் விடுதி அந்த நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது.

ஆனால் நிலையத்தைவிட்டு வெளியே வரவே ஒரு மணி நேரம் ஆயிற்று. புதிய தடத்துக்காகத் தோண்டியபோது கிடைத்த குடங்களையும் ஈயக் குழாய்களையும், ஒரு பழைய பண்ணையில் யாரோ தின்று எறிந்த பீச் பழக் கொட்டைகளையும் 2018-இல் திறந்த அந்த நிலையத்திலேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். படியிறங்க இறங்க எந்த நூற்றாண்டின் மண்ணைக் கடக்கிறோம் என்பது சுவரில் எழுதியிருக்கிறது. இவர் பெட்டியை என்னிடம் விட்டுவிட்டு இரண்டு முறை கீழே போய் வந்தார். வெளியே நல்ல மழை.

நவம்பர் 4, சனி

பாந்தியன் கோயிலை மழையில் பார்க்க வாய்த்தது எங்கள் அதிர்ஷ்டம். குவிமாடத்தின் உச்சியில் மூடியே இல்லாத வட்டத் திறப்பின் வழியாக மழை நேரே தரையில் விழுந்துகொண்டிருந்தது. கயிறு கட்டி நடுப்பகுதியை மட்டும் தடுத்திருந்தார்கள். எல்லாரும் அண்ணாந்து பார்க்க, இவர் மட்டும் குனிந்து தரையைப் பார்த்தார். பளிங்குத் தரை நடுவில் மிக இலேசாக மேடிட்டிருக்கிறது, 22 சிறு துளைகள் தண்ணீரை வாங்கிக் கொள்கின்றன என்பதை அவர் காட்டியிராவிட்டால் நான் கவனித்தே இருக்க மாட்டேன். குவிமாடத்தின் விட்டமும், தரையிலிருந்து திறப்பு வரையிலான உயரமும் ஒன்றே: 43.3 மீட்டர். கம்பி இல்லாமல் வார்த்த கான்கிரீட். அடியில் கனமான கல், உச்சிக்குப் போகப் போக நுரைக்கல் என்று பளுவைக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். 609-ஆம் ஆண்டில் இதைத் தேவாலயமாக்கியதால்தான் கல்லுக்காக இடிபடாமல் பிழைத்தது.

முகப்பில், பேரரசர் அகஸ்டஸின் தளபதியான அக்ரிப்பா கட்டியதாகப் பெரிய எழுத்தில் இருக்கிறது. இப்போது நிற்பதோ பின்னால் வந்த பேரரசர் ஹாட்ரியன் காலத்தில் மறுபடி எழுப்பியது; பழைய பெயரையே பொறித்துவிட்டிருக்கிறார். தன் பெயர் இல்லாமல் குழாயடிகூடத் திறக்காத ஆட்களைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு இது வியப்பாக இருந்தது.

அதே அக்ரிப்பா கி.மு. 19-இல் கொண்டுவந்த ‘விர்கோ’ வாய்க்காலின் தண்ணீர்தான், பலமுறை பழுதுபார்க்கப்பட்டு, இன்றும் திரேவி நீரூற்றுக்கு வருகிறது. மக்கள் அங்கே காசு எறிகிறார்கள். நான் எறிய மறுத்தேன். அந்தக் காசு ஏழைகளுக்கான தொண்டு நிறுவனத்துக்குப் போகிறது என்று தெரிந்ததும் ஒரு யூரோ போட்டேன்.

நவம்பர் 5, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கொலோசியத்தில் நுழைவு இலவசம் என்பதைப் போய் நின்ற பிறகுதான் அறிந்தோம். வரிசையின் வாலைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. வெளியே ஒரு சுற்று சுற்றி வந்தோம். பேரரசர் நீரோ தன் பொன்மாளிகைக்கென்று வெட்டிய செயற்கை ஏரியை வற்றவைத்து, அந்தப் பள்ளத்தில் பின்னால் வந்த பேரரசர் வெஸ்பாசியன் தொடங்கிய அரங்கம் இது. “ஏரியைத் தூர்த்துக் கட்டிடம் கட்டுவது இங்கிருந்துதான் ஆரம்பம் போலிருக்கிறது” என்றார் இவர்.

தெருவோரக் குழாய்களில் இரவும் பகலும் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது. வளைந்த மூக்கு வைத்த இரும்புக் கம்பங்கள். ஊரார் ‘நசோனே’, அதாவது பெருமூக்கன் என்கிறார்கள். மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேலேயுள்ள துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி வாய்க்கு வரும். இவர் முதல்முறை அடைத்ததில் என் புடவைதான் நனைந்தது.

நவம்பர் 6, திங்கள்

இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் எதுவென்று கேட்டால், கொலோசியத்திலிருந்து சில நிமிட நடையில் இருக்கும் சான் கிளெமென்தே தேவாலயத்தைத்தான் சொல்வேன். தெருவிலிருந்து நுழைவது பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தேவாலயம். படியிறங்கினால் அதன் அடியில் நான்காம் நூற்றாண்டுத் தேவாலயம். இன்னும் இறங்கினால், முதல் நூற்றாண்டின் செங்கற்சுவர்களும் சந்துகளும், காளையைக் குத்தும் மித்ரா தெய்வத்தின் பலிபீடமும். இங்கே தங்கியிருக்கும் அயர்லாந்துத் துறவிகளில் ஒருவர் 1857-இல் தோண்டத் தொடங்கியதால்தான் இவையெல்லாம் வெளிச்சத்துக்கு வந்தன.

நடுத்தளத்துச் சுவரில் ஓர் ஓவியத்தின் முன்னால் நான் கால் மணி நேரம் நின்றேன். தூய கிளெமெந்தைக் கட்டி இழுத்துவரச் சொல்லி சிசின்னியுஸ் என்ற பிரபு வேலையாட்களை ஏவுகிறான். அவர்கள் கண்மயங்கி ஒரு கல்தூணை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். பாத்திரங்களின் பேச்சையும் பக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். புனிதர் பேசுவது இலத்தீன். பிரபு பேசுவதோ தெருப்பேச்சு, அதுவும் அச்சில் எழுதக் கூசும் வசவு. பதினோராம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த இந்த வசவுதான், இத்தாலியப் பேச்சுமொழியில் எழுதப்பட்டுக் கிடைத்திருக்கும் மிகப் பழைய வரிகளில் ஒன்று. வகுப்பில் பேச்சுவழக்கில் எழுதிய பிள்ளைகளின் விடைத்தாள்களைச் சிவப்பு மையால் அடித்த என் வலது கை சற்றுக் கூசத்தான் செய்தது.

அடித்தளத்தில் எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் இடைவிடாமல் கேட்கிறது. ஒரு திறப்பின் வழியே எட்டிப்பார்த்தால் இருட்டில் நீரோட்டம் தெரிகிறது. தண்ணீர் தேங்கி இந்தத் தளமே மூழ்கிக் கிடந்ததால், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்கம் வெட்டி அதைப் பழைய ரோமானியப் பெருஞ்சாக்கடையில் சேர்த்திருக்கிறார்கள். “இரண்டாயிரம் வருஷத்துச் சாக்கடைக்குப் புது இணைப்பு!” என்று இவர் அன்று முழுவதும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அங்கே படமெடுக்க அனுமதி இல்லை.

நவம்பர் 7, செவ்வாய்

ரோமானியப் பொதுமன்றத்தின் இடிபாடுகளில் காலை கழிந்தது. மாக்சென்சியுஸ் மண்டபத்தின் பிரம்மாண்டமான வளைவுகளைவிட, அதன் அடியில் புதைந்த பழைய மிளகுக் கிடங்குகளே எங்கள் பேச்சாக இருந்தன. பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிச் சென்ற யவனக் கலங்களை அகநானூறு முசிறியில் காட்டுகிறது. அந்த மிளகு இறங்கிய மறுகரையில் வெயில் காய்ந்தபடி நின்றோம். இரவு, பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டும் சேர்த்த பாஸ்தா. மிளகுசாதம் மாதிரி இருந்தது, நெய்தான் இல்லை.

நவம்பர் 8, புதன்

நகருக்குத் தென்கிழக்கே உள்ள கால்வாய்ப் பூங்காவுக்குப் போனோம். புல்வெளியில் வரிசையாக நிற்கும் கிளாடியா கால்வாயின் வளைவுகள், கி.பி. 38-இல் தொடங்கி 52-இல் முடிந்தவை. ஏறத்தாழ 69 கிலோமீட்டர், பெரும்பாலும் நிலத்துக்கடியிலும் கடைசியில் இந்த வளைவுகளின் மேலுமாக, நீரேற்றி எதுவுமின்றிச் சரிவை மட்டும் நம்பித் தண்ணீர் வந்திருக்கிறது. 537-இல் நகரை முற்றுகையிட்ட கோத்தியர் என்ற ஜெர்மானிய இனத்தவர் கால்வாய்களை அறுத்துவிட்டார்கள். இவர் ஒவ்வொரு தூணாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தார். எனக்குக் கால் வலித்தது.

உட்கார்ந்தபோது ஃபிரான்டினுஸ் கதையைச் சொன்னார். கி.பி. 97-இல் நகரின் நீர் வாரியத் தலைவராகப் பொறுப்பேற்ற அவர், வழியில் துளை போட்டுத் தண்ணீரைத் திருடுவோரையும், அதற்குத் துணைபோன ஊழியர்களையும் பற்றி எழுதிவைத்திருக்கிறாராம். குடிநீர்க் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சும் எங்கள் தெருக்காரர் ஒருவரை இருவரும் ஒரே நேரத்தில் நினைத்துக்கொண்டு சிரித்தோம்.

நவம்பர் 10, வெள்ளி

நேற்று பிற்பகல் கிளம்பிய விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். மாறவேண்டிய ஊரில் நாங்கள் மூச்சிரைக்க ஓடி அடுத்த விமானத்தைப் பிடித்தோம்; இவருடைய பெட்டி பிடிக்கவில்லை. சென்னையில் ஒரு படிவத்தை எழுதிக் கொடுத்து, தீபாவளிக் கூட்டமும் மழைத் தண்ணீரும் தேங்கிய தெருக்கள் வழியாக வீடு வந்தோம். என் பெட்டி வந்துவிட்டது. இவர் தன் பெட்டிக்காகக் காட்டும் தவிப்பு எனக்கு விளங்கவில்லை. நாலு சட்டையும் ஒரு சுவெட்டரும்தானே?

நவம்பர் 12, ஞாயிறு

விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தபோது, எதிர்வீட்டு மாமி “கங்கா ஸ்நானம் ஆச்சா?” என்று கேட்டுக்கொண்டிருக்கையில் பெட்டி வந்து சேர்ந்தது. சட்டைகளுக்கு நடுவே துண்டில் சுற்றி, ஒரு லிட்டர் பாட்டில். சான் ஜொவான்னித் தெருமுனைப் பெருமூக்கனின் தண்ணீர். கடினநீர் என்பதால் ஒரு வாரம் வைத்துப் படிவைப் பார்க்கவேண்டுமாம். அதில் காப்பி போட்டுக் கொடு என்றும் கேட்டார். நான் முடியாது என்றுவிட்டேன். இப்போது அது பூஜை அறையில் காசித் தீர்த்தச் செம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. வேறு இடம் காலியில்லை.