அம்மாவின் சுகர் விசா ஃபைலில் ஏறுமா?

என் அம்மாவுக்கு 72 வயது. ஆஸ்திரேலியாவின் வயதான பெற்றோர் விசாவுக்கு, எல்லாரும் 804 என்று சொல்கிறோமே, அதற்குப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். இப்போது புதிதாகப் போடுகிறவர்களுக்கு உள்துறை சொல்லும் காத்திருப்புக் காலம் 30 ஆண்டுக்கும் மேல். மெடிக்கலுக்கு வரச் சொல்லிக் கடிதம் வரும்போது அம்மாவுக்கு நூறு வயது ஆகியிருக்கும். "நூறு வயசுல நெஞ்சை எக்ஸ்ரே எடுத்து என்னடா பார்க்கப் போறானுங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்து இந்த விசாவைப் பற்றி யாரும் கேட்ட கேள்விகளிலேயே உருப்படியானது அதுதான்.

நான் மேற்கு சிட்னியில் பஸ் ஓட்டுகிறேன். டிப்போவில் டீ நேரத்தில் நம்மாட்கள் நாலு பேர் கூடினால் பேச்சு வீட்டுக் கடனில் தொடங்கி, பிள்ளைகளின் செலக்டிவ் ஸ்கூல் பரீட்சை வழியாக, அப்பா அம்மா விசாவில்தான் வந்து நிற்கும். அப்படி ஒருநாள் ஒரு நண்பர் சொன்னார்: "அப்பா ராத்திரியில நாலு தடவை எழுந்து போறாரு. சுகரா இருக்கும்னு தோணுது. ஆனா டெஸ்ட் எடுக்கலைங்க. எடுத்தா ஃபைல்ல ஏறிடும், விசா போயிடும்." சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். இன்னொருவர் மாமியாருக்குக் கண் மங்கலாக இருப்பதையும் இதே காரணத்துக்காக அப்படியே விட்டு வைத்திருந்தார். படித்தவர்கள், வேலையில் கெட்டிக்காரர்கள். இந்தப் பயம் மட்டும் எல்லாரிடமும் ஒரே அச்சில் இருக்கிறது.

பயத்துக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். விசா தருவதற்கு முன் மெடிக்கல் உண்டு. நெஞ்சு எக்ஸ்ரே, ரத்தம், டாக்டர் பரிசோதனை எல்லாம் உண்டு. பெற்றோர் விசாவுக்கு உரிய 4005 என்கிற விதியில் விலக்குக் கேட்கவும் வழியில்லை. கணவன் மனைவி விசாவுக்கு அந்த விலக்கு உண்டு, பெற்றவர்களுக்கு இல்லை. ஆனால் அந்த விதி எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும். காசநோய் போன்ற தொற்றை விட்டால், நோயின் பெயரை அல்ல, செலவைத்தான் அளக்கிறது. இந்த ஆளுக்கு அரசாங்கம் வைத்தியத்துக்கும் பராமரிப்புக்கும் எவ்வளவு செலவழிக்க நேரும் என்று பொதுவாக ஐந்து ஆண்டுக்குக் கணக்குப் பார்க்கிறார்கள், நீடித்த நோய் என்றால் பத்து ஆண்டு வரைகூட, 75 வயதோ அதற்கு மேலோ ஆனவர் என்றால் மூன்று ஆண்டுக்கு. 2024 ஜூலை 1 முதல் அந்த வரம்பு 86,000 டாலர். மெட்ஃபார்மினும் பிரஷர் மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டு சுகரைக் கட்டுக்குள் வைத்திருப்பவர் அந்தத் தொகையின் பக்கத்தில்கூட வரமாட்டார். கவனிக்காமல் விட்ட சுகர் கிட்னியைத் தின்று, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்பது போல ஆனால்தான் வரம்பு உடையும். டெஸ்ட் எடுக்காமல் விசாவைக் காப்பாற்றுவதாக நினைக்கிறவர், விசாவைக் கெடுக்கக்கூடிய அந்த வழியில்தான் அப்பாவை அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

அதோடு மெடிக்கலை இமிகிரேஷன் கேட்கும்போதுதான் செய்ய வேண்டும், அவர்கள் குறித்துக் கொடுக்கும் இடத்தில். பொதுவாக முடிவெடுக்கும் கட்டத்தில்தான் கேட்பார்கள். நம் குடும்ப டாக்டரான ஜி.பி.யின் கம்ப்யூட்டரில் ஏறும் ஒரு சுகர் அளவு தானாகப் பறந்து கான்பெராவுக்குப் போவதில்லை. கேட்கும் நாளில் உள்ளதை உள்ளபடி சொல்லத்தான் வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த நாள் 30 ஆண்டு தள்ளி இருக்கிறது. அதற்காக இன்று கண்ணை மூடிக்கொள்வதா?

பணம் அதிகம் கட்டினால் சீக்கிரம் கிடைக்கும் என்பது பழைய கதை. ஒரு ஆளுக்கு 48,000 டாலருக்கு மேல் கட்டும் பங்களிப்புப் பெற்றோர் விசாவுக்கே இப்போது 14 ஆண்டுக்குக் குறையாது. 2023-ல் மார்ட்டின் பார்க்கின்சன் தலைமையில் வந்த குடியேற்ற மறு ஆய்வு அறிக்கையே, கிடைக்கவே போகாத ஒரு விசாவுக்கு ஜனங்களை விண்ணப்பிக்க விடுவது கொடுமை என்கிற அர்த்தத்தில் எழுதியது. எழுதினார்கள், அவ்வளவுதான். வரிசை இன்னும் நீண்டது.

சரி, பயத்தை விட்டுவிட்டு டாக்டரிடம் போகலாம் என்று கிளம்பினால் அடுத்த சுவர் மெடிகேர், அதாவது ஆஸ்திரேலிய அரசின் பொது மருத்துவக் காப்பீடு.

நிரந்தரமாகத் தங்கும் விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டு இங்கே காத்திருக்கும் பலருக்கு மெடிகேர் அட்டை உண்டு. பெற்றோர் விசாவுக்கு விண்ணப்பித்தவர்களை மட்டும் சட்டமே தனியாகப் பெயர் சொல்லி ஒதுக்கி வைத்திருக்கிறது. வயதானவர்கள்தானே டாக்டரிடம் அதிகம் போவார்கள், அவர்களைத் தவிர மற்றவர்களுக்குத் தருகிறோம் என்பது அதன் பொருள். பிரிட்டன், இத்தாலி, நியூசிலாந்து உட்பட 11 நாடுகளோடு மருத்துவ ஒப்பந்தம் இருக்கிறது. அதில் இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. ஆகவே ஜி.பி.யிடம் முழுக் கட்டணம், ரத்தப் பரிசோதனைக்கு முழுக் கட்டணம், மாத்திரைக்கு மானியமில்லாத விலை. எனக்கும் மனைவிக்கும் ஐம்பது தாண்டியதால் குடல் புற்றுநோய்ப் பரிசோதனைக் கிட் தபாலில் வந்து சேர்கிறது. அதே வீட்டில், அதே தபால் பெட்டிக்கு, அம்மா பெயரில் ஒன்றும் வராது.

மிச்சமிருப்பது தனியார் இன்சூரன்ஸ். வெளிநாட்டு வருகையாளர்களுக்கான பாலிசி என்று விற்கிறார்கள். இதில் படித்துப் பார்க்க வேண்டியது ஒரே ஒரு பக்கம்தான்: ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 12 மாதம் காத்திருப்பு. ஏற்கெனவே உள்ள நோய் என்றால் டாக்டர் பெயர் வைத்த நோய் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பாலிசி எடுப்பதற்கு முந்தைய ஆறு மாதத்தில் அதற்கான அறிகுறி இருந்தாலே போதும், அதை முடிவு செய்வதும் கம்பெனி நியமிக்கும் டாக்டர். டெஸ்ட் எடுக்காததால் நோயே இல்லை என்று இங்கேயும் தப்பிக்க முடியாது. ராத்திரி நாலு தடவை எழுந்து போவதும் அறிகுறிதான். அந்த 12 மாதத்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்கி வைக்கிறோமோ அவ்வளவு நல்லது. அம்மா வந்து இறங்கிய வாரமே எடுத்தோம். நடுவில் ஒருமுறை கம்பெனி மாறலாமா என்று பார்த்தபோது, காத்த மாதங்களைப் புதுக் கம்பெனி ஏற்றுக்கொள்ளுமா என்று எழுத்தில் கேட்டேன். போனில் "ஆமா ஆமா" என்றவர்கள் எழுத்தில் இழுத்தார்கள். மாறவில்லை.

இதையெல்லாம் விடப் பெரிய தடை அம்மாவேதான். ஒருமுறை ஜி.பி.யிடம் நான் கார்டைத் தேய்ப்பதைப் பார்த்துவிட்டாள். தொகையை மனசுக்குள்ளேயே ரூபாயாக மாற்றிப் பார்த்திருப்பாள், ஆயிரக்கணக்கில் வந்திருக்கும். அன்றிலிருந்து கால் எரிச்சல் இல்லை, தலைச்சுற்றல் இல்லை, எல்லாம் சௌக்கியம். பேத்தியிடம் மட்டும் "பாட்டிக்குக் கால் மரத்துப் போச்சுடி" என்று சொல்லியிருக்கிறாள், அவள் மூலம்தான் எனக்குத் தெரிந்தது. "ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்றால், "சொன்னா உடனே தூக்கிட்டு ஓடுவ. அங்க உக்கார வச்சு நாலு கேள்வி கேட்டுட்டு நூறு டாலர் வாங்குவான்" என்கிறாள். கும்பகோணத்தில் எங்கள் தெருமுனை டாக்டர் போகிற வழியில் நாடி பார்த்துவிட்டு "சாயங்காலம் வாங்கம்மா" என்று சொல்லும் பழக்கத்தில் வளர்ந்தவள். அவளுக்கு நூறு டாலர் அநியாயமாகப் படுவது நியாயம்தான். இப்போது பில்லை அவள் கண்ணில் காட்டுவதே இல்லை. இன்சூரன்ஸ் எல்லாம் தருகிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். பாதிதான் உண்மை.

எமர்ஜென்சி விஷயத்தில் மட்டும் அவளிடம் கறாராக இருக்கிறேன். நெஞ்சு வலித்தால், ஒரு பக்கம் கை கால் இழுத்தால், உடனே இங்கத்து அவசர எண்ணான 000. அரசு ஆஸ்பத்திரியில் அவசரத்துக்கு வந்தவரைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள், பில் அப்புறம் வரும். எங்கள் மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் ஆம்புலன்சுக்கும் பில் வரும். அது என் பாடு.

ஊர் ரிப்போர்ட்டும் இங்கத்து ரிப்போர்ட்டும் பேசிக்கொள்ளாது என்பதையும் சொல்ல வேண்டும். கும்பகோணத்து லேபில் சுகர் 180 என்று போட்டிருக்கும். இங்கே அதே அளவு 10. அலகு வேறு, 18-ஆல் வகுக்க வேண்டும். முதல்முறை இங்கத்து ரிப்போர்ட்டில் 10 என்று பார்த்துவிட்டு அம்மா அன்று பாயசம் இரண்டு டம்ளர் குடித்தாள். கிரியாட்டினின் ஊரில் 1.2 என்றால் இங்கே 106. அதைப் பார்த்தால் பயந்து போவார்கள். மூன்று மாத சராசரியான எச்.பி.ஏ.1சி சதவீதத்தை மட்டும் இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி படிக்கலாம், நான் அதைத்தான் ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வருகிறேன்.

மாத்திரையும் அப்படித்தான். நம்மூரில் கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரையைக் கம்பெனிப் பெயரால்தான் சொல்வார்கள். இங்கே டாக்டரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் விழிப்பார். சேர்ந்த மாத்திரையும் கிடைக்காது, இரண்டையும் பிரித்துத்தான் எழுதித் தருவார். ஊர் டாக்டரிடம் மருந்தின் உள்பெயரையும் மில்லிகிராமையும் ஆங்கிலத்தில் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குவது உத்தமம். அந்தக் கடிதம் இருந்தால் சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத மருந்து கொண்டுவரலாம். அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டுக் கொண்டுவரக் கூடாது. பழைய மாத்திரைகள் இங்கே மானியமில்லாமலும் தாங்கக்கூடிய விலைதான். இன்சுலின் பேனா, புதிதாக வந்த சுகர் மாத்திரைகள், இவைதான் கையைச் சுடும்.

பலரும் செய்வதுபோல நாங்களும் பெரிய செக்கப்பை ஊருக்குத் தள்ளுகிறோம். மாஸ்டர் செக்கப், எக்கோ, கண், பல் எல்லாம். பல்லை எப்படியும் மெடிகேர் பார்ப்பதில்லை, அதனால் அதில் மட்டும் நானும் அம்மாவும் சமம். இதில் ஒரு சிக்கல் உண்டு. முடிவு வரும்வரை இங்கே தங்குவதற்காகக் காத்திருப்பவர்கள் கையில் இருக்கும் பிரிட்ஜிங் விசா ஏ-யில் வெளியே போனால் திரும்பி வர முடியாது. கிளம்பும் முன் பிரிட்ஜிங் விசா பி வாங்க வேண்டும், அதில் எழுதிய தேதிக்குள் திரும்பிவிட வேண்டும். ஊரில் கடைசி வாரத்தில் செக்கப் வைத்து, அன்று டாக்டர் "ஆஞ்சியோ பண்ணிடலாம்" என்று சொன்னால் என்ன செய்வது? தேதி தாண்டினால் திரும்பி வரும் வழி அடைபடும், வருகையாளர் விசா கேட்டு மறுபடி முதலிலிருந்து. அதனால் எங்கள் வீட்டு ஏற்பாடு இதுதான்: விமானம் இறங்கிய முதல் வாரம் ரத்தமும் எக்கோவும், அதற்குப் பிறகுதான் கோயில், கல்யாணம், அக்கா வீடு. விசா கேட்கும்போதும் இரண்டு மாதத்துக்கு உத்தேசம் இருந்தால் இன்னும் கூடுதலாகவே கேட்கிறேன்.

அம்மாவுக்கு இதில் ஒரே வருத்தம். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும் என்பதால் திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியில் டிகிரி காபி கிடையாது என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள். "முப்பது வருஷம் காத்திருக்கச் சொன்னா இருக்கேன், காபிக்குக் காத்திருக்க மாட்டேன்" என்கிறாள். டெஸ்ட்டை மறுநாள் காலைக்கு மாற்றியிருக்கிறோம்.