தெளுவு குடிக்காத மூன்று மாதம்

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை, கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம். ஆஸ்பத்திரிச் சீட்டு மலையாளத்தில் வரும், அதை வைத்து வீட்டில் நடக்கும் சண்டை தமிழில். கர்ப்பத்தின் ஆறாம் மாதம் முடியும்போது ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சி, "ஷுகர் டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று விடாமல் கேட்டார். முதல் செக்கப்பில் எடுத்தது சரியாகத்தானே இருந்தது என்றேன். நஞ்சுக்கொடி சுரக்கிற ஹார்மோன்கள் நம் இன்சுலினை மழுங்கடிப்பது அப்புறம்தான் வலுக்குமாம். அதனால் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும்.

75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்துப் பத்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். வெறும் வயிறாக இருக்க வேண்டியதில்லை. சென்னை டாக்டர் வி. சேஷையா வலியுறுத்திய முறை இது; அவர் பிறந்த நாளான மார்ச் 10தான் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாள் என்று பின்னால் ஒரு போஸ்டரில் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும். குடித்த கால் மணி நேரத்தில் அத்தனையும் வாந்தி. லேப் பெண், "பரவால்ல, ரெண்டு மணி நேரம் இருந்து ரத்தம் குடுத்துட்டுப் போங்க" என்றார். சேச்சிக்கு போன் செய்தேன். அரை மணிக்குள் வாந்தி வந்தால் அந்த டெஸ்ட் செல்லாது, நாளைக்கு வா என்றார். மறுநாள் 168. 140 தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரைதான்.

"நம்ம பக்கம் யாருக்கும் இல்லியே அம்மிணி" என்றார் அத்தை. மாமா தினமும் தோப்பிலிருந்து கொண்டுவரும் தெளுவு, அதாவது பதநீர், அன்றோடு நின்றது. அவருக்குத்தான் அதிக வருத்தம், சூடு தணிக்கும் என்று நம்புகிறவர். சிவப்பு மட்ட அரிசிச் சோறு தின்றால் சர்க்கரை ஏறாது என்று தெருவே சொன்னது. நானும் நம்பித் தட்டு நிறையப் போட்டுக்கொண்டேன், ஏறத்தான் செய்தது. சோற்றைக் கரண்டி எண்ணிப் போட்டு, பயறும் பொரியலும் கூட்டிய பிறகுதான் கொஞ்சம் இறங்கியது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் 131. அது 120க்குள் இருக்க வேண்டும். இன்சுலின் எழுதிவிட்டார்கள்.

பொள்ளாச்சியிலிருந்து அம்மா அழுதார்: "கொழந்தைக்கும் ஊசி ஏறுமே!" எனக்கும் அதே பயம். டாக்டர் சீட்டின் பின்பக்கம் இரண்டு வட்டம் போட்டு நடுவே ஒரு கோடு இழுத்தார். பெரிய வட்டம் நான், சின்னது குழந்தை. என் ரத்தத்துச் சர்க்கரை கோட்டைத் தாண்டும், இன்சுலின் தாண்டாது. ஆக, நான் ஏற்றிக்கொள்ளும் சர்க்கரைக்குக் குழந்தையின் கணையம்தான் கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடுகட்ட வேண்டும். அந்த இன்சுலின் சர்க்கரையைக் கொழுப்பாகச் சேர்க்கும், பிள்ளை பருக்கும். "கொழுகொழுன்னு பொறக்கட்டும்" என்று வளைகாப்புக் கட்டுச்சோறு அன்றைக்கு எல்லோரும் வாழ்த்தியபோது எனக்கு அந்த வட்டம்தான் ஞாபகம் வந்தது. ஆனாலும் லட்டு தின்றேன். 174. மறைக்காமல் நோட்டில் எழுதினேன்.

38வது வாரத்தில் பையன், 3.2 கிலோ. எல்லாம் முடிந்தது என்று நினைத்தால், குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள்: 41. கொடியை வெட்டியதும் என் சர்க்கரை நின்றுவிட்டது, அவன் சுரந்து பழகிய இன்சுலின் நிற்கவில்லை. 45க்குக் கீழே போனால் தாழ்வு. உடனே மார்பில் போட்டுப் பால் கொடுக்கச் சொன்னார்கள். அவன் இழுக்கத் தெரியாமல் தூங்க, சிஸ்டர் உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டி எழுப்பினார். அடுத்த முறை 57. அந்த ஒரு மணி நேரம் நான் யாரோடும் பேசவில்லை.

எனக்குப் பிரசவத்தோடு ஊசி நின்றது. ஆறாவது வாரம் அவனுக்குத் தடுப்பூசி போடப் போன அன்றே எனக்கும் மறுபடி 75 கிராம், 118 வந்தது. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், என் நாத்தனார் உட்பட. கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவளுக்குப் பின்னாளில் நிரந்தரமாக வரும் வாய்ப்பு அதிகம். அந்தப் பிள்ளைக்கும் உடல் பருமனும் சர்க்கரையும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அதனால் வருஷம் ஒரு முறை எனக்கு டெஸ்ட், அவனுக்கு அங்கன்வாடியில் எடை.

இப்போது மூன்று வயது. காலையில் தாத்தாவின் டிவிஎஸ் சத்தம் கேட்டால் டம்ளரோடு வாசலுக்கு ஓடுகிறான். மாமா என் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கால் டம்ளர் ஊற்றுகிறார்.