ஒரே லேப்டாப்பில் இரண்டு குடித்தனம்

அறிவியல் மென்பொருள் எழுதுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வருடக்கணக்கான இயற்பியலை ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழியில் கொட்டி வைத்திருப்பார்கள். ஆனால் அதை எப்படி நிறுவுவது என்று கேட்டால் ரீட்மீயில் மூன்றே வரி இருக்கும். கான்ஃபிகர். மேக். மேக் இன்ஸ்டால். பொய் என்று சொல்லவே முடியாது. எழுதினவருடைய கணினியில் அது மூன்று வரிதான்.

அந்த மூன்று வரியை நம்பித்தான் ஜூனியர் தம்பி ஒருவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஆராய்ச்சி மாணவன். காற்றோட்டத்தையும் ஈரப்பதத்தையும் வைத்துக் கணக்குப் போடும் ஒரு மாடல் அவனுக்கு ஓடியாக வேண்டும்.

"பத்து நிமிஷ வேலைதான்க்கா. நீங்க பக்கத்துல சும்மா உட்காருங்க, போதும்."

சும்மா உட்காரச் சொன்னால் யாராவது மாட்டேன் என்பார்களா?

தேவையானதெல்லாம் கணினியில் இருக்கிறதா என்று சோதிக்கும் கான்ஃபிகர், ஆரம்பத்தில் எப்போதும் பரம சாது. நிரலைக் கணினி ஓட்டக்கூடியதாக மாற்றும் கம்பைலர் வேலை செய்கிறதா? ஆம். பில்டு சூழல் சித்த சுவாதீனத்தோடு இருக்கிறதா? ஆம். இந்த இரண்டாவது கேள்வியைப் பார்த்துப் பையன் பெருமையாக என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தச் சோதனை பார்ப்பதெல்லாம் என்ன தெரியுமோ? இப்போது உருவாக்கிய ஒரு கோப்பின் நேரம், பழைய கோப்பின் நேரத்துக்குப் பிந்தியதாகத் தெரிகிறதா என்பதை. அதாவது கணினியின் கடிகாரம் ஓரளவு சரியாக ஓடினால் நீங்கள் சித்த சுவாதீனம் உள்ளவர். இவ்வளவு மலிவாக அந்தச் சான்றிதழை வேறு யாரும் தரமாட்டார்கள். அவனிடம் இதைச் சொல்லவில்லை. மகிழ்ச்சியாக இருந்தான்.

அடுத்த திரையில் நின்றுவிட்டது. நெட்சிடிஎஃப் கிடைக்கவில்லையாம். இவனுடைய வானிலைத் தரவெல்லாம் அந்தக் கோப்பு வடிவத்தில்தான் இருக்கிறது; அது இல்லாமல் மாடல் வாயே திறக்காது. பேக்கேஜ்களை நிறுவும் ஆப்டிடம் கேட்டால், "ஏற்கனவே இருக்கிறதே, அதுவும் புத்தம் புதிய பதிப்பு" என்கிறது. ஒருவர் இல்லை என்கிறார், இன்னொருவர் இருக்கிறது என்கிறார், இரண்டு பேர் சொல்வதும் நிஜம். ஓட்டுவதற்கான லைப்ரரி இருக்கிறது; அதை வைத்து வேறொன்றைக் கம்பைல் செய்யத் தேவையான ஹெடர் கோப்புகள் இல்லை. டெபியன் வழி வந்த லினக்ஸ்களில் அவை பெயருக்குப் பின்னால் 'டெவ்' ஒட்டிக்கொண்டு தனிப் பேக்கேஜாக இருக்கும். ஃபெடோராவில் 'டெவல்'. அதைப் போட்டான். கான்ஃபிகர் மறுபடியும் இல்லை என்றது.

"அக்கா, இது வேணும்னே பண்ணுது."

இல்லை. ஃபோர்ட்ரானுக்கான நெட்சிடிஎஃப் தனிப் பேக்கேஜ். அதன் பெயரில் கடைசி எஃப்புக்குப் பக்கத்தில் இன்னொரு எஃப் நிற்கும்: லிப்நெட்சிடிஎஃப்எஃப். நான் அப்படி அடிக்கச் சொன்னதும், "எஃப் ரெண்டு தடவை விழுந்துருச்சுக்கா" என்று பேக்ஸ்பேஸ் தட்டி ஒன்றை அழித்தான். மறுபடி அடிக்கச் சொன்னேன். மறுபடி அழிக்கப் போனான். ஒரு எழுத்தை மட்டும் கூட்டி இன்னொரு லைப்ரரிக்குப் பெயர் வைக்கலாம் என்று ஒரு கூட்டத்தில் யாரோ கையைத் தூக்கியிருப்பார், எல்லோரும் சரி என்று தலையாட்டியிருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்திருக்க ஆசை.

இதற்குள் அவனுக்கு வேறொரு யோசனை உதித்து, இன்னொரு ஜன்னலில் பைதான் கருவி ஒன்றைப் பிப் மூலம் போட முயன்றுகொண்டிருந்தான். பிப் மறுத்துவிட்டது: இந்தச் சூழலை வேறொருவர் நிர்வகிக்கிறார், நான் கை வைக்க மாட்டேன் என்று. 2023-இல் வந்த டெபியன் 12 முதல் அது இப்படித்தான். மீறிப் போடுவதற்கும் ஒரு ஆப்ஷன் இருக்கிறது. பெயர்: பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ். கணினித் துறையில் இதைவிட யோக்கியமாகப் பெயர் வைத்த ஆப்ஷனை நான் பார்த்ததில்லை. செய்யப்போவதை அப்படியே சொல்கிறது. பையன் அதை எங்கிருந்தோ காப்பி பண்ணிக்கொண்டு வந்து, என்டர் மேல் விரலை வைத்திருந்தான். விரலைப் பிடித்து எடுத்தேன்.

கான்ஃபிகர் ஒருவழியாக முடிந்தது. இனி நிரலைக் கட்டும் மேக். சீக்கிரம் முடியட்டும் என்று பின்னால் 'ஜே' போட்டான். ஜேவுக்குப் பிறகு ஒரு எண் போட வேண்டும், எத்தனை வேலையை ஒரே நேரத்தில் செய்யலாம் என்று. போடாவிட்டால் மேக் அதை "கணக்கே இல்லை, எத்தனை முடியுமோ அத்தனை" என்று எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்டது. விசிறி ஊளையிட்டது, மவுஸ் அம்பு நடுத்திரையில் உறைந்தது, கடிகாரம் நின்றது. பவர் பட்டனை அமுக்கிப் பிடித்துத்தான் மீட்டோம். ஃபோர்ட்ரானில் இதனால் வேறொரு தொல்லையும் உண்டு: ஒரு கோப்பு உருவாக்கித் தரும் மாட்யூலை இன்னொரு கோப்பு கேட்கும், எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பினால் கேட்கிற இடத்தில் அது இன்னும் பிறந்தே இருக்காது. எண் எதுவும் வேண்டாம், ஜேவே வேண்டாம், வரிசையாகப் போகட்டும் என்றேன்.

வரிசையாகப் போய், திரை முழுக்கப் பிழை. தம்பி கடைசி வரியை வாசித்துக்கொண்டிருந்தான். கடைசி வரியில் 'எரர் 1' என்பதுபோல ஏதாவதுதான் இருக்கும், அதை வாசித்து இதுவரை யாருக்கும் எதுவும் விளங்கியதில்லை. மேலே, மேலே, இன்னும் மேலே போய் முதல் பிழையைப் பார்த்தோம். நெட்சிடிஎஃப்பின் மாட்யூல் கோப்பைப் படிக்க முடியவில்லை, காரணம் அது ஜிஃபோர்ட்ரான் என்ற ஃபோர்ட்ரான் கம்பைலரின் வேறொரு பதிப்பால் உருவாக்கப்பட்டது.

வேறொரு பதிப்பா? இந்த லேப்டாப்பில் எத்தனை ஜிஃபோர்ட்ரான் இருக்கிறது? எந்த ஜிஃபோர்ட்ரான் ஓடுகிறது என்று கணினியையே கேட்டோம். பதில், பேக்கேஜ்களைத் தனக்கென்று தனியாக வைத்துக்கொள்ளும் கோண்டா என்ற கருவியின் ஃபோல்டரிலிருந்து வந்தது.

"ஓ, அதுவா. போன செமஸ்டர் ஒரு டுடோரியலுக்குப் போட்டதுக்கா. அப்புறம் யூஸ் பண்ணவே இல்ல."

அவன் பயன்படுத்தவில்லை, சரி. அது இவனைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. டெர்மினல் திறக்கும்போதெல்லாம் வரியின் முதலில் 'பேஸ்' என்று அடைப்புக்குள் ஒரு சொல் நின்றதே, அதை அலங்காரம் என்று நினைத்திருக்கிறான். கோண்டாவிடம் சொந்தக் கம்பைலர், சொந்த லைப்ரரி, பல கோர்களைச் சேர்ந்து வேலை செய்ய வைக்கும் எம்பிஐ என்று எல்லாம் சொந்தமாக இருக்கும். கணினியிடமும் அதே எல்லாம் இருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம். இரண்டு அடுப்பும் ஒரே மாதிரி, சாமான் வேண்டுமென்று கூப்பிட்டால் யார் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். வாசல் இங்கே பாத் என்கிற மாறி, நிரல்களை எந்தெந்த ஃபோல்டரில் எந்த வரிசையில் தேடுவது என்ற பட்டியல். கோண்டா முன்னால் நிற்கும்.

கோண்டாவை அணைத்தோம். அதன் பிறகு கம்பைல் நன்றாகவே போனது, பழைய நிரல் ஒன்றில் வகை பொருந்தவில்லை என்று நிற்கும்வரை. ஃபோர்ட்ரான் 77 காலத்தில் ஒரே சப்ரூட்டீனுக்கு ஓரிடத்தில் முழு எண்ணும் இன்னோரிடத்தில் தசம எண்ணும் அனுப்புவார்கள், கம்பைலரும் கண்டுகொள்ளாது. ஜிஃபோர்ட்ரானை உள்ளடக்கிய கம்பைலர் தொகுப்பான ஜிசிசியில், 2020-இல் வந்த பதிப்பு 10 முதல் அது பிழை. பொருத்தமின்மையை அனுமதி என்று ஒரு கொடியை, அதாவது கம்பைலருக்கான ஆப்ஷனைச் சேர்த்தால் மறுபடி கண்டுகொள்ளாமல் இருக்கும். சேர்த்தோம், போனது. இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. ஃபோர்ட்ரான்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

மாடலுக்கு எச்டிஎஃப்5 என்ற இன்னொரு தரவுக்கோப்பு லைப்ரரியும் தேவைப்பட்டது. குறிப்பிட்ட பதிப்புதான் வேண்டுமென்று அடம்பிடித்ததால் அதை மட்டும் சோர்ஸிலிருந்து நாங்களே கட்டி வைத்திருந்தோம். எல்லாம் முடிந்து முதல் தடவையாக மாடலை ஓட விட்டால், ஒரு நீண்ட எச்சரிக்கை. கம்பைல் செய்யும்போது பார்த்த ஹெடர் 1.10.5, இப்போது கையில் கிடைத்த லைப்ரரி 1.10.6. இரண்டும் வேறு வேறு. தொடர்ந்தால் உங்கள் தரவு கெட்டுப்போகலாம். வேண்டுமானால் உங்கள் பொறுப்பில் இன்ன மாறிக்கு 1 என்று மதிப்புக் கொடுத்து இந்தச் சோதனையை நிறுத்திக்கொள்ளலாம், 2 கொடுத்தால் எச்சரிக்கைகூட வராது. இவ்வளவையும் மரியாதையாக எடுத்துச் சொல்லிவிட்டுக் கடைசி வரியில் "பை..." என்று எழுதி, புரோகிராமைக் கொன்றுவிட்டுப் போய்விட்டது.

உண்மையாகவே "பை" என்றுதான் வரும். பின்னால் மூன்று புள்ளியோடு.

தம்பி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்னக்கா, டாட்டா காட்டிட்டுப் போகுது?" பிறகு, நான் பயந்தபடியே, "அந்த ரெண்டைக் கொடுத்துடலாமா?"

கூடாது என்றேன். இத்தனை பேரில் நம்மைப் பற்றிக் கவலைப்பட்டது அது ஒன்றுதான், அதன் வாயையா அடைப்பாய்?

எந்த லைப்ரரியைப் பிடிக்கிறது என்று காட்டும் எல்டிடி கட்டளையைப் போட்டுப் பார்த்தால் மாடல் நாங்கள் கட்டிய எச்டிஎஃப்5-ஐ விட்டுவிட்டுக் கோண்டாவுடையதைப் போய்ப் பிடித்திருக்கிறது. கோண்டாவைத்தான் அணைத்துவிட்டோமே? டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ஓடும் பாஷ்ஆர்சி கோப்பைத் திறந்தேன். லைப்ரரிகளை எங்கே தேடுவது என்று சொல்லும் எல்டி லைப்ரரி பாத் என்ற மாறியில் கோண்டாவின் லிப் ஃபோல்டரை யாரோ நிரந்தரமாக எழுதி வைத்திருந்தார்கள். யாரோ என்றால், இந்த லேப்டாப்புக்குப் பாஸ்வேர்டு தெரிந்தவன் ஒருவன்தான்.

"அந்த டுடோரியல்ல போடச் சொன்னாங்கக்கா."

வரியை அழித்தோம். மாடல் ஓடியது, உடனே செக்மென்டேஷன் ஃபால்ட் என்ற நினைவகப் பிழையில் விழுந்தது. இது பழகிய விருந்தாளிதான். பெரிய பெரிய எண் அணிகளை ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் வைக்கும் மாடல்களுக்கு லினக்ஸ் வழக்கமாகத் தருகிற 8 எம்பி போதாது. யூலிமிட் கட்டளையால் அந்த வரம்பை எடுத்துவிட்டதும் எழுந்து உட்கார்ந்தது.

ஒரே கோரில் ஓடுவதைப் பார்த்ததும் பையனுக்குத் தைரியம் வந்துவிட்டது. நான் தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் புது டெர்மினல் ஒன்றைத் திறந்து எம்பிஐ நிரல்களை ஓட்டும் எம்பிஐரன்னிடம் நான்கு கோர் கேட்டிருக்கிறான்.

"அக்கா, நாலு மடங்கு வேகம்! பாருங்க, எல்லா வரியும் நாலு நாலா வருது!"

பார்த்தேன். நான்கு பேர் சேர்ந்து ஒரு வேலையைப் பங்கு போட்டுக்கொண்டால், ஒருவர் 0, அடுத்தவர் 1, பிறகு 2, 3 என்று எண் சொல்ல வேண்டும். இங்கே நான்கு பேரும் "நான்தான் 0, மொத்தம் 1 ஆள்தான் இருக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான்கு பேரும் முழு வேலையையும் தனித்தனியாகச் செய்து, ஒரே வெளியீட்டுக் கோப்பில் ஒருவர் மேல் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் மற்றவர் இருப்பதே தெரியாது. பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை. இந்த வகைதான் எனக்குக் குலைநடுக்கம் தருவது. "பை" சொல்லிவிட்டுப் போகிறவர்கள் எவ்வளவோ தேவலை.

மாடலைக் கட்டியது ஓப்பன்எம்பிஐயால். ஓட்டிய எம்பிஐரன் எம்பிச்சுடையது. இரண்டும் எம்பிஐதான், ஆனால் வேறு வேறு ஆட்கள் எழுதியது. அது யாருடைய எம்பிச் என்று நான் கேட்கவில்லை. புது டெர்மினலின் வரித் தலைப்பில் அடைப்புக்குள் 'பேஸ்' நின்றுகொண்டிருந்தது. அவனும் அதைப் பார்த்துவிட்டான்.

"இது தானா வந்துருதுக்கா..."

தானாக வருவதை நிறுத்த கோண்டாவிலேயே ஓர் அமைப்பு இருக்கிறது. அதை மாற்றிய பிறகுதான் 0, 1, 2, 3 என்று ஒழுங்காக எண் சொல்லி நால்வரும் வேலை பார்த்தார்கள். வேகம் நான்கு மடங்கெல்லாம் இல்லை, இருந்தாலும் கூடியிருந்தது.

எந்தக் கம்பைலர், எந்த எச்டிஎஃப்5, எந்த எம்பிஐ, என்னென்ன கொடி என்று எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எழுதி வை, ஆய்வுக் கட்டுரையிலும் பதிப்பு எண்களைப் போடு என்று சொல்லி அனுப்பினேன். சில நாள் கழித்துக் கட்டுரையின் வரைவைக் காட்டினான். நிறுவியது பற்றி அதில் இருந்தது ஒரு வாக்கியம்: "மாடல் ஒரு லினக்ஸ் கணினியில் நிறுவப்பட்டு இயக்கப்பட்டது."

"பதிப்பு எண்ணெல்லாம் எங்கடா?"

"கைடு அடிச்சுட்டாருக்கா. பக்கம் போதலையாம்."