சொல்லுறதும் கதைக்கிறதும்: ஆங்கிலத் தாளில் சே, டெல், ஸ்பீக், டோக்

வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் விடிஞ்சதிலிருந்து இரவு வரை நடக்கிற பேச்சு முழுவதற்கும் இரண்டு வினைச்சொல் போதும்: சொல்லுறது, கதைக்கிறது. காலி வீதியில் இறங்கிச் சிங்களத்துக்கு மாறினாலும் கணக்கு அதேதான்: கியனவா, கதா கரனவா. ஆங்கிலத் தாளுக்கு முன்னால் உட்கார்ந்ததும் இந்த இரண்டும் நான்காகப் பிரிய வேண்டும். பிள்ளைகள் பெரும்பாலும் வழுக்குவது அங்கேதான். ஆங்கில–தமிழ் அகராதியைப் பிரித்தால் நான்குக்கும் ‘சொல், கூறு, பேசு’ என்றே சுற்றிச்சுற்றி வரும். கருத்தைப் பாடமாக்கி இதைத் தீர்க்க முடியாது. வினைக்கு அடுத்ததாக நிற்கும் சொல்லைப் பார்த்துத்தான் தீர்க்கலாம்.

‘டெல்’லுக்குப் பின்னால் ஆள் வரவேண்டும், நேரடியாக: ‘டெல் மீ’, ‘டோல்ட் த டீச்சர்’. இடையில் ‘டு’ கிடையாது. ‘சே’க்குப் பின்னால் வருவது சொல்லப்பட்ட விஷயம்: ‘ஹீ செட் ஹீ வாஸ் சிக்’. அதில் ஆளையும் சேர்க்கவேண்டுமென்றால் ‘டு’ கட்டாயம்: ‘வட் டிட் ஹீ சே டு யூ?’ ‘டோல்ட் டு மீ’ என்ற பிழை எங்கிருந்து வருகிறது என்று தேடத் தேவையில்லை. ‘எனக்குச் சொன்னார்’ என்பதில் உள்ள ‘கு’வை ‘டு’ ஆக்கி எழுதிவிடுகிறோம். ‘ஹீ செட் மீ’ அதற்கு எதிர்த்திசைப் பிழை. ‘டு’ தேவைப்பட்ட இடத்தில் விட்டுப்போனது.

ஒரு வசனத்தை எடுத்துப் பார்ப்போம். ‘நாளைக்கு வகுப்பு இல்லை எண்டு மிஸ் என்னட்ட சொன்னவ.’ இதை ‘த டீச்சர் டோல்ட் தட்...’ என்று தொடங்கினால் ஆள் விடுபட்டதால் பிழை. ‘செட் மீ தட்’ என்றாலும் பிழை. ‘த டீச்சர் டோல்ட் மீ தட் தேர் வாஸ் நோ கிளாஸ் த நெக்ஸ்ட் டே’ என்பதே சரி. ‘என்னட்ட’ இல்லாவிட்டால் ‘த டீச்சர் செட் தட்...’ போதும். அயற்கூற்றுக் கேள்வியில் ‘இஸ்’ ‘வாஸ்’ ஆனதும் ‘டுமாரோ’ ‘த நெக்ஸ்ட் டே’ ஆனதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். வினையை மாற்றத்தான் மறந்துபோகும். நேர்க்கூற்றில் ‘செட் டு மீ’ என்று இருப்பதை அயற்கூற்றில் ‘டோல்ட் மீ’ ஆக்குவது வழமை.

ஆள் இல்லாமலே ‘டெல்’ வரும் இடங்கள் சில உண்டு. உண்மை, பொய், கதை, பகிடி, நேரம், வித்தியாசம் ஆகியவற்றுக்கு ‘டெல்’தான். ‘பொய் சொன்னான்’ என்பதை ‘செட் எ லை’ என்று எழுதினால் புள்ளி போகும்; ‘டோல்ட் எ லை’ என்று வரவேண்டும். மறுபக்கம் சொரி, ஹலோ, யெஸ், நோ, பிரார்த்தனை எல்லாம் ‘சே’யின் பங்கு. இங்கே விதி தேடிக் களைக்கவேண்டாம், சொற்றொடராகவே மனதில் வைக்கலாம். ஒன்று மட்டும்: பழைய ஆங்கிலத்தில் ‘டெல்’லுக்கு எண்ணுதல் என்ற பொருளும் இருந்தது. வங்கியில் காசு எண்ணுபவர் ‘டெல்லர்’ ஆனது அதனால்தான். ஏடிஎம் என்ற பெயரின் நடுவில் நிற்கும் ‘டி’யும் அவரே. ‘அன்டோல்ட்’ என்றால் எண்ணிலடங்காதது.

எழுத்தில் உள்ளதற்கும் ‘சே’தான். 138 பஸ்ஸின் பலகையைப் பார்த்து ‘மஹரகம எண்டு போட்டிருக்கு’ என்கிறோமே, அது ‘த போர்ட் செஸ் மஹரகம’. ‘புட்’ வேண்டாம். அறிவித்தல், கடிதம், மணிக்கூடு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். உச்சரிப்பு: ‘செஸ்’, ‘செட்’. ‘சேய்ஸ்’, ‘சேய்ட்’ என்று இழுப்பது பேச்சுப் பரீட்சையில் உடனே காதில் விழும்.

கொழும்பில் அலுவலகங்களில்கூடக் கேட்கும் இன்னொன்று: ‘ஹீ இஸ் டெல்லிங் ஹீ கான்ட் கம்.’ ‘வர ஏலாதாம், சொல்லுறார்’ என்பதன் நிழல். ஆங்கிலத்தில் ‘ஹீ செஸ் ஹீ கான்ட் கம்’ என்று முடிந்துவிடும்.

கதைக்கிறதுக்கு வருவோம். மொழியென்றால் ‘ஸ்பீக்’ மட்டும்: ‘ஷீ ஸ்பீக்ஸ் தமிழ்’. ‘டோக்ஸ் தமிழ்’ கிடையாது. மேடையில் ஒருவர் பேச மற்றவர்கள் கேட்பதும், தொலைபேசியில் மரியாதையாக ‘மே ஐ ஸ்பீக் டு...’ என்று கேட்பதும் ‘ஸ்பீக்’. இரண்டு பேர் மாறிமாறிக் கதைப்பதற்கும், வகுப்பில் ‘கதைக்காதேங்கோ’ என்று அதட்டுவதற்கும் ‘டோக்’ பொருத்தம். ‘இரண்டு பேருக்கும் கதை பேச்சில்லை’ என்பதற்கு ‘நொட் ஒன் ஸ்பீக்கிங் டேர்ம்ஸ்’ என்ற அழகான தொடர் இருக்கிறது. மற்ற இடங்களில் இந்த இரண்டும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று மாறி வரும். அதிகம் கவலைப்பட வேண்டாம்.

கவலைப்படவேண்டியது இவற்றின் உறவுக்காரர்களைப் பற்றி. ‘டிஸ்கஸ்’, ‘மென்ஷன்’ இரண்டுக்கும் பின்னால் ‘அபவுட்’ வராது. ‘பற்றி’ அந்த வினைகளுக்குள்ளேயே இருக்கிறது. ‘இன்ஃபோம்’ ஆளை நேரே பிடிக்கும்: ‘இன்ஃபோம் யூ தட்’. ‘ரிப்ளை’க்கு ‘டு’ வேண்டும், ‘ஆன்ஸர்’க்கு வேண்டாம். ‘எக்ஸ்ப்ளெயின்’ விசித்திரமானது. ‘எனக்கு விளங்கப்படுத்துங்கோ’ என்பதில் உள்ள ‘கு’வை அப்படியே வைத்தால் ‘எக்ஸ்ப்ளெயின் டு மீ’ என்று சரியாக வந்திருக்கும். ஆனால் ‘டெல் மீ’யைக் கவனமாகப் படித்த பிள்ளைதான் அதைப் பார்த்து ‘எக்ஸ்ப்ளெயின் மீ’ என்று எழுதும். ‘டெல்’ ஆளை நேரே பிடிக்கும், ‘எக்ஸ்ப்ளெயின்’ பிடிக்காது. அதனால்தான் ‘ஐ வாஸ் டோல்ட்’ சரி, ‘ஐ வாஸ் எக்ஸ்ப்ளெயின்ட்’ பிழை.

ஐஈஎல்டிஎஸ் என்ற சர்வதேச ஆங்கிலப் பரீட்சையில், எழுத்துத் தாளின் இரண்டாம் பகுதிக்கு 40 நிமிடத்தில் குறைந்தது 250 சொல் எழுதவேண்டும். சொல்வளத்துக்கு அதன் புள்ளியில் கால்பங்கு. இதைக் கேள்விப்பட்டதும் சிலர் ‘செட்’ வந்த இடமெல்லாம் ‘அட்டர்ட்’, ‘எக்ஸ்க்ளெய்ம்ட்’ என்று தூவுவார்கள். தூவாமல் விட்டாலே கூடுதல் புள்ளி கிடைக்கும். கட்டுரைக்கு உதவுவது வேறு மூன்று. ஒருவர் சொன்னதை ‘க்ளெய்ம்’ என்று எழுதினால் அதற்கு நீங்கள் பொறுப்பில்லை, உண்மையோ தெரியாது என்றாகும். ‘பொயின்ட் அவுட்’ என்றால் அது உண்மை என்று நீங்களும் ஏற்கிறீர்கள். ‘அட்மிட்’ என்றால் சொன்னவர் தனக்குப் பாதகமான ஒன்றை விருப்பமில்லாமல் ஒத்துக்கொண்டார். ஆகவே நல்ல செய்தி ஒன்றுக்கு ‘அட்மிட்’ போட்டால் வசனம் கோணலாகிவிடும்.

பயிற்சிக்கு 80 பக்கக் கொப்பி ஒன்று போதும். ஒரு வினைக்கு ஒரு பக்கம், கிழமைக்கு ஐந்து வினை. பக்கத்தின் மேலே வினையையும் அதன் வாலையும் எழுதுங்கள்: ஆளா, விஷயமா, ‘டு’ போட்ட ஆளா. கற்போருக்கான ஆங்கில–ஆங்கில அகராதியில் இது வெளிப்படையாகவே இருக்கும். ‘எஸ்பி’ என்று சுருக்கியிருப்பது ஆள், ‘எஸ்டிஎச்’ என்பது விஷயம். அதன் கீழே சொந்தமாக இரண்டு வசனம். வீட்டில் அன்று உண்மையாகக் கதைத்ததை எடுத்தால் நல்லது, அகராதி உதாரணத்தைப் பிரதி பண்ணுவதில் பயனில்லை. மிச்ச இடம் நீங்கள் விட்ட பிழைகளுக்கு. சிவப்பால் எழுதித் திகதி போடுங்கள்.

பரீட்சையில் கடைசி ஐந்து நிமிடத்தைத் தாள் முழுக்க வாசிக்கச் செலவழிக்க வேண்டாம். ‘செட்’, ‘டோல்ட்’, ‘எக்ஸ்ப்ளெயின்ட்’, ‘டிஸ்கஸ்ட்’, ‘சஜெஸ்டட்’ எங்கே இருக்கிறது என்று மட்டும் விரலால் தேடி, அடுத்த சொல்லைப் பாருங்கள். ‘சஜெஸ்டட் மீ டு கோ’ என்று இருந்தால் ‘மீ டு கோ’வை வெட்டி ‘தட் ஐ கோ’ என்று மேலே எழுதலாம். வசனத்தை முழுதாகத் திருப்பி எழுத நேரம் போகாது.