முன்னால் போகிறவனின் பூட்ஸ்

1994-இல் நீலகிரி வெலிங்டனில் ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்ட் ரெக்ரூட்டாக இருந்தபோது முதல் 40 கிலோமீட்டர் ரூட் மார்ச் (சுமையோடு நெடுந்தூரம் நடக்கும் பயிற்சி) போனேன். முதுகில் பிட்டு (பெரிய பையை அப்படித்தான் சொல்வோம்), இடுப்பில் தண்ணீர் பாட்டில், கையில் எஸ்எல்ஆர் துப்பாக்கி. அது மட்டுமே நாலு கிலோவுக்கு மேல். ராத்திரியில் கிளம்பினோம்.

கால் கொப்புளம், வார் அறுத்த தோள் எல்லாம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டன. மனசுக்குள் நடந்ததுதான் இன்னும் மறக்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வரை பேச்சும் பாட்டும். அப்புறம் ஒவ்வொருவராக வாயடைத்துப் போனோம். சுமை இழுக்க இழுக்கத் தலை தானாகக் குனியும். குனிந்தால் தெரிவது முன்னால் போகிறவனின் பூட்ஸ் மட்டும். எனக்கு முன்னால் போனவனின் மக் எதிலோ இடித்து டக் டக் என்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. அவன் என் பக்கத்துக் கட்டில்காரன், என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். அந்தச் சத்தத்துக்காக மூன்று மணி நேரம் அவனை வெறுத்தேன். அடித்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

விடியும் நேரம் அவனுக்குக் கால் பிசகிவிட்டது. அவன் துப்பாக்கியையும் வாங்கி மாட்டிக்கொண்டேன். நாலு கிலோ கூடியும் நடை லேசானது. அவன் வருகிறானா என்று திரும்பித் திரும்பிப் பார்த்ததில் என் தோள் ஞாபகமே வரவில்லை.

மார்ச் முடிந்ததும் உஸ்தாத் (பயிற்சி கொடுப்பவரை அப்படித்தான் கூப்பிடுவோம்) கேட்டார்: "கேத்தி தாண்டி கல்வெர்ட் மேல ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தாங்களே, கையில என்ன வெச்சிருந்தாங்க?" நன்றாக விடிந்த பிறகு கடந்த இடம் அது. ஒருவருக்கும் தெரியவில்லை. அவரே உட்கார வைத்த ஆட்கள். "எதிரியா இருந்தா என்னடா பண்ணுவீங்க?" என்றார். திட்டவில்லை, மெதுவாகத்தான் கேட்டார்.

பயம் உடம்பைக் களைக்க வைக்கும், களைத்த உடம்பில் பயம் இன்னும் ஏறும் என்று அமெரிக்க ராணுவ வரலாற்றாசிரியர் எஸ்.எல்.ஏ. மார்ஷல் 1950-இல் எழுதினார். நான் பட்டவரையில் அது உண்மை. 1982-இல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து போரில், பிரிட்டனின் '45 கமாண்டோ' என்ற படைப்பிரிவினர் சுமார் 36 கிலோ சுமையோடு 90 கிலோமீட்டர் நடந்தார்கள். அதற்கப்புறம் ஜூன் 11 ராத்திரி டூ சிஸ்டர்ஸ் மலையில் சண்டை. அதைப் படித்தபோது அவர்களுடைய கால்களை நான் நினைக்கவில்லை. அத்தனை தூரம் குனிந்தே வந்தவர்கள் அந்த இருட்டில் எப்படி நிமிர்ந்து பார்த்தார்கள் என்றுதான் நினைத்தேன்.

இப்போது அக்கா மகன் அக்னிவீர் தேர்வுக்குத் தயாராகிறான். வேலூர் பக்கத்தில் எங்கள் ஊர் ரோட்டில், 10 கிலோ மணல் மூட்டையோடு காலையில் நடக்கிறான். நானும் கூடவே போகிறேன். எவ்வளவு நேரத்தில் முடித்தான் என்று கேட்பதில்லை. "தாண்டி வந்தோமே, அந்த வீட்டுக் கேட் என்ன நிறம்?" என்று கேட்கிறேன். முதல் வாரம் விழித்தான். நேற்று, "பச்சை மாமா. உள்பக்கம் பூட்டு தொங்குது" என்றான்.